காபி மேக்கர் வாங்கும்முன்: பெட்டியில் எழுதாத மூன்று விஷயங்கள்

காபி மேக்கரின் பெட்டியில் கப் எண்ணிக்கை கொட்டை எழுத்தில் இருக்கும். டைமர், டச் பொத்தான், சூடு ஆறாமல் வைக்கும் தட்டு எல்லாம் படத்தோடு இருக்கும். இவற்றில் ஒன்றுகூட காபியின் ருசியை நிர்ணயிப்பதில்லை. மேக்கரைப் பொறுத்தவரை ருசியை நிர்ணயிப்பவை மூன்றுதான்: பொடியின் மேல் விழும் தண்ணீரின் சூடு, அந்தத் தண்ணீர் பொடியோடு இருக்கும் நேரம், பொடி முழுவதும் சீராக நனைகிறதா என்பது. மின்சாரத்தில் ஓடுவதோ, கையால் ஊற்றுவதோ, எந்த மேக்கரையும் இந்த மூன்றை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

வறுத்த கொட்டையின் எடையில் சுமார் 30 சதவீதம் வரை தண்ணீரில் கரையும். அத்தனையும் இறங்கினால் வாயில் வைக்க முடியாது. எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை இறங்கும்போது ருசி சரியாக அமைகிறது என்ற கணக்கு 1950களில் அமெரிக்க விஞ்ஞானி எர்னஸ்ட் லாக்ஹார்ட் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. இன்றும் அதுதான் அளவுகோல். பொதுவாக முதலில் இறங்குவது புளிப்பு, அடுத்து இனிப்பு, கடைசியில் கசப்பும் துவர்ப்பும். சூடு போதாவிட்டால் காபி புளிப்போடு நின்றுவிடும். நேரம் கூடிப்போனால் கசப்பு தொண்டையில் தங்கும். காபித் துறையின் சர்வதேச அமைப்பான ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் சொல்லும் அளவும் இதையொட்டியதே: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 55 கிராம் பொடி, 92 முதல் 96 டிகிரி சூடு, 4 முதல் 8 நிமிடம்.

கப் கணக்கில் ஒரு பொறி உண்டு. மேக்கர் பெட்டியில் சொல்லும் ஒரு கப் 125 அல்லது 150 மில்லிதான். 10 கப் மேக்கர் என்றால் பெரும்பாலும் 1.25 லிட்டர். வீட்டில் 250 மில்லி மக்கில் குடிப்பவர்களுக்கு அது ஐந்து பேருக்குத்தான் வரும். எப்போதும் லிட்டரில் என்ன கொள்ளளவு என்று கேட்டு வாங்குங்கள்.

தானியங்கி டிரிப் மேக்கர்

பட்டனைத் தட்டினால் காபி இறங்கும் இந்த வகைதான் அதிகம் விற்கிறது, ஏமாற்றமும் இதில்தான் அதிகம். உள்ளே இருப்பது எளிய அமைப்பு. தொட்டியிலிருந்து தண்ணீர் ஒருவழி வால்வைத் தாண்டி, ஹீட்டரோடு ஒட்டிய ஒரு குழாய்க்குள் போகிறது. அங்கே கொதித்து எழும் குமிழிகள் தண்ணீரை மேலே தள்ளுகின்றன. மேலே போன தண்ணீர் துளைகள் வழியாகப் பொடியின் மேல் விழுகிறது. பம்பு எதுவும் இல்லை. கடைசியில் வரும் களகள சத்தம், மிச்சத் தண்ணீர் ஆவியாகிக் குதிக்கும் சத்தம். பல மாடல்களில் அதே ஹீட்டர்தான் அடியில் இருக்கும் சூட்டுத் தட்டையும் சூடாக்குகிறது.

இதில் முதலில் பார்க்கவேண்டியது வாட். 1 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 293 கிலோஜூல் வேண்டும். அதை 6 நிமிடத்தில் முடிக்க, வீணாகும் சூட்டைச் சேர்க்காமலே 814 வாட் தேவை. 1.25 லிட்டருக்கு இது 1,000 வாட்டைத் தாண்டிவிடும். ஆகவே அந்த அளவு மேக்கருக்கு 1,400 வாட்டை ஒட்டி இருந்தால் நம்பலாம். 600 வாட் மேக்கர் 1 லிட்டரை இறக்க 8 நிமிடத்துக்கு மேல் எடுக்கும், வீணாகும் சூட்டைச் சேர்த்தால் 10 நிமிடத்தை நெருங்கும். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுவதால் பொடியின் படுகையும் சூடாகாது. சூடு குறைவு, நேரம் அதிகம் என்ற இரண்டு குறையும் ஒரே கோப்பையில் சேர்ந்து, புளிப்பும் கசப்பும் கலந்த ஒரு காபி வரும். பொடியை மாற்றி மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை என்று புலம்புபவர்களின் மேக்கர் பெரும்பாலும் இப்படிப்பட்டதாக இருக்கும். அரை லிட்டர் இறக்கும் சிறிய மேக்கருக்கு மட்டும் 600 முதல் 700 வாட் போதும்.

அடுத்து, தண்ணீர் விழும் இடம். மூடியைத் திறந்து பாருங்கள். நடுவில் ஒரே ஒரு துளை இருந்தால் தண்ணீர் நடுப்பொடியைக் குடைந்துகொண்டு போகும், ஓரப்பொடி பாதி காய்ந்தே கிடக்கும். பல துளைகள் பரவலாக இருக்கவேண்டும். காபி இறங்கி முடிந்ததும் பொடி இருக்கும் கூடையை எடுத்து, பொடிப் படுகையை வெளிச்சத்தில் பார்த்தால் மேக்கரின் ஜாதகமே தெரிந்துவிடும். படுகை ஏறக்குறைய சமமாக, ஒரே கரும்பழுப்பில் இருந்தால் நல்லது. நடுவில் குழி விழுந்து, ஓரத்தில் வெளிர்நிறமாகத் தூள் ஒட்டியிருந்தால் பாதிப் பொடி வீண். அப்படிப்பட்ட மேக்கர் ஏற்கனவே வீட்டில் இருந்தால், தண்ணீர் விழ ஆரம்பித்து அரை நிமிடத்தில் மூடியைத் திறந்து ஒரு கரண்டிக் காம்பால் பொடியை மெல்லக் கிளறிவிடுங்கள். ஓரத்துப் பொடியும் நனைந்து, ருசி கண்கூடாக மாறும்.

சூட்டைச் சோதிக்கச் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். பொடி போட்டு, முனையைப் பொடிக்குள் வைத்துக் காபியை இறக்குங்கள். முதல் நிமிடத்துக்குள் 90 டிகிரியைத் தொட்டு, கடைசிவரை 96-ஐத் தாண்டாமல் இருக்கவேண்டும். 80-களிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் வாங்கிய சில நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவது மேல்.

சூட்டுத் தட்டை வசதி என்று எண்ணாதீர்கள். கண்ணாடி ஜாடியில் இருக்கும் காபி தட்டின் மேல் 20 நிமிடத்தைத் தாண்டினால் காந்த ஆரம்பிக்கும். காபியிலுள்ள குளோரோஜெனிக் அமிலங்கள் சூட்டில் உடைந்து குயினிக் அமிலமாக மாறுவதால் வரும் துவர்ப்பு அது. வீட்டில் ஆளுக்கொரு நேரத்தில் குடிப்பவர்கள் தெர்மாஸ் ஜாடி உள்ள மாடலையே வாங்கவேண்டும். இறக்கும்முன் அந்த ஜாடியில் வெந்நீரை ஊற்றி இரண்டு நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள். குளிர்ந்த ஜாடி காபியின் சூட்டில் பல டிகிரியைத் தின்றுவிடும்.

இந்த வகையில் தயங்காமல் பரிந்துரைக்கக்கூடியது நெதர்லாந்தின் டெக்னிவோர்ம் நிறுவனம் செய்யும் மொக்காமாஸ்டர். செம்பு ஹீட்டர், 1.25 லிட்டரை ஏறத்தாழ 6 நிமிடத்தில் 92 முதல் 96 டிகிரிக்குள் இறக்கிவிடும். ஜாடி, மூடி, கூடை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாங்கி மாற்றலாம். அதன் குறைகளும் சொல்லவேண்டியவை. முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பொடியை ஊறவைத்து நிறுத்தும் வசதி வழக்கமான மாடல்களில் இல்லை, டைமர் இல்லை, விலையும் அதிகம். ஊறவைக்காதது புதிதாக வறுத்த கொட்டையில்தான் தெரியும். உள்ளே அடைபட்ட கரியமில வாயு நுரைத்துக் கிளம்பித் தண்ணீரைத் தள்ளிவிடும். மேலே சொன்ன கிளறல் அதற்கும் மருந்து.

எந்த டிரிப் மேக்கரிலும் கொள்ளளவில் பாதிக்குக் கீழே போடாதீர்கள். 1.25 லிட்டர் மேக்கரில் 300 மில்லி இறக்கினால் அகலமான கூடையில் பொடி மெல்லிய படலமாகத்தான் கிடக்கும். தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், காபி நீர்த்துப்போகும். தினமும் ஒருவர் மட்டும் குடிக்கும் வீட்டுக்குப் பெரிய மேக்கர் ஆகாது.

ஒருவர் இருவருக்கு: கையால் இறக்குபவை

ஒரு கப், இரண்டு கப் போதுமென்றால் கூம்பு வடிகட்டியைவிடச் சிக்கனமான வழி இல்லை. 1908-ல் ஜெர்மனியின் மெலிட்டா பென்ட்ஸ் காகித வடிகட்டிக்குக் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. இன்று பரவலாக இருப்பது ஹாரியோ வி60, 60 டிகிரி கோணக் கூம்பு. பீங்கான், கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் என்று நான்கிலும் வருகிறது. பிளாஸ்டிக்கை வாங்குங்கள். பீங்கான் அழகுதான், ஆனால் கனமாக இருப்பதால் தண்ணீரின் சூட்டை உறிஞ்சிவிடும். பிளாஸ்டிக் உறிஞ்சுவது மிகக் குறைவு, கீழே விழுந்தால் உடையவும் உடையாது.

15 கிராம் பொடி, 250 மில்லி தண்ணீர். காகிதத்தைக் கூம்பில் வைத்து வெந்நீரால் நனைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள், காகித வாடை போகும். பொடியைப் போட்டுத் தட்டிச் சமப்படுத்தி, முதலில் 40 மில்லி மட்டும் ஊற்றி 40 நொடி விடுங்கள். பொடி உப்பி எழும். பிறகு மீதியை இரண்டு மூன்று தவணையாக, மெல்லிய தாரையாக, நடுவிலிருந்து வெளியே வட்டமாக ஊற்றவேண்டும். மொத்தம் இரண்டரை முதல் மூன்று நிமிடத்தில் வடிந்து முடியும். நான்கு நிமிடம் தாண்டினால் பொடி அதிகம் நைசு, இரண்டு நிமிடத்துக்குள் ஓடிவிட்டால் அதிகம் கரடு. இதற்கு வாத்துக்கழுத்துபோல் வளைந்த மூக்குள்ள கெட்டில் இருந்தால் நல்லது. சாதாரண பாத்திரத்தில் தாரை தடிமனாக விழுந்து படுகையைக் கலைக்கும்.

காலை நேரப் பரபரப்பில் நின்று ஊற்ற முடியாதவர்களுக்கு, பொடியை ஊறவைத்து வலையால் அழுத்தி வடிக்கும் ஜாடியான பிரெஞ்ச் பிரஸ் தோதானது. 500 மில்லிக்கு 30 கிராம் கரகரப்பான பொடி, கொதித்து அடங்கிய தண்ணீர், 4 நிமிடம். மேலே திரளும் பொடிப்படலத்தைக் கரண்டியால் உடைத்து நுரையை அள்ளிவிட்டு, மெல்ல அழுத்தி, உடனே முழுவதையும் வேறு பாத்திரத்துக்கு ஊற்றிவிடவேண்டும். பிரஸ்ஸிலேயே விட்டால் அது தொடர்ந்து ஊறிக் கசக்கும். கோப்பையின் அடியில் சேறு வருவதற்கு வலையைக் குறை சொல்வதற்குமுன் பொடியைப் பாருங்கள், பெரும்பாலும் அதில் தூசி அதிகமாக இருக்கும். வாங்கும்போது வலையின் விளிம்பு சுற்றிலும் இடைவெளி இல்லாமல் ஜாடியைத் தொடுகிறதா என்று பார்ப்பது முக்கியம். கண்ணாடி ஜாடி சூட்டை விடும், உடையவும் செய்யும். இரட்டைச் சுவர் ஸ்டீல் மேல். உலோக வலை காபியின் எண்ணெயைத் தடுக்காது. வாயில் கனமாக, வழவழப்பாக இருப்பது அதனால்தான். அந்த எண்ணெயிலுள்ள கஃபெஸ்டால் கெட்ட கொழுப்பைக் கூட்டும் என்பது உறுதியான விஷயம். கொழுப்புக்கு மருந்து எடுப்பவர்கள் தினசரி உபயோகத்துக்குக் காகிதம் வைத்த வகையையே தேர்ந்தெடுக்கட்டும்.

ஏரோபிரஸ் 2005-ல் ஆலன் ஆட்லர் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் குழாய், அடியில் சிறிய வட்டக் காகிதம், மேலிருந்து அழுத்தும் பிஸ்டன். 15 கிராம் பொடி, 200 மில்லி, ஒன்றரை நிமிடம் ஊறவைத்து அரை நிமிடம் அழுத்தினால் முடிந்தது. தவறு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும், கழுவுவது சில நொடி வேலை, பயணத்துக்கு இதைவிட நல்லது இல்லை. ஒரு நேரத்தில் ஒரு கப்தான் என்பது இதன் எல்லை. கழுவியபின் ரப்பர் சீல் குழாய்க்குள் அழுந்தியபடி இருக்கவிடாதீர்கள். முழுவதும் வெளியே தள்ளிவைத்தால்தான் அது சுருங்காமல் பல வருஷம் உழைக்கும்.

பால் சேர்த்துக் குடிப்பவர்களுக்கு

மேலே சொன்னவற்றில் டிரிப், வி60, பிரெஞ்ச் பிரஸ் மூன்றும் அப்படியே கறுப்பாகக் குடிக்க ஏற்ற பதத்தில் காபி தருபவை. அதில் பால் ஊற்றினால் சாயம் கரைத்த பால்போல ஆகிவிடும். பால் காபிக்கு வேண்டியது கெட்டியான டிகாக்‌ஷன். அதற்கு மொக்கா பாட் நல்ல தேர்வு.

1933-ல் அல்ஃபோன்ஸோ பியாலெட்டியின் பட்டறையிலிருந்து வந்த எட்டுமூலை அலுமினியப் பாத்திரம் இது. கீழே தண்ணீர், நடுவில் பொடிக்கூடை, மேலே காபி சேரும் கலம். அடிக்கலத்தில் உருவாகும் ஆவியழுத்தம் தண்ணீரைப் பொடி வழியாக மேலே ஏற்றுகிறது. அழுத்தம் 1 முதல் 2 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவே என்பதால் இதில் வருவது, அதிக அழுத்தத்தில் இறக்கும் கெட்டிக் காபியான எஸ்பிரஸோ ஆகாது. ஆனால் பாலைத் தாங்கும் திடம் அதில் உண்டு.

நிறையப் பேருக்கு மொக்கா பாட் காபி கருகல் நெடி அடிக்கிறது. பாத்திரத்தில் தவறில்லை, முறையில்தான் தவறு. ஏற்கனவே கொதித்த தண்ணீரை அடிக்கலத்தில் பாதுகாப்பு வால்வுக்குக் கீழ்வரை ஊற்றுங்கள். பச்சைத்தண்ணீரில் ஆரம்பித்தால் அது சூடாகும்வரை பொடி காய்ந்த உலோகத்தில் வெந்துகொண்டே இருக்கும். கூடையில் பொடியை நிரப்பித் தலையைத் தட்டிச் சமப்படுத்தினால் போதும், அழுத்தக்கூடாது. துணி பிடித்து இறுக மூடி, சிறு தீயில் வையுங்கள். மூடியைத் திறந்தே வைத்துப் பார்த்தால், நடுத்தண்டிலிருந்து முதலில் கரும்பழுப்பாகத் தேன்போல் வழியும், பிறகு நிறம் வெளிறி நுரைக்க ஆரம்பிக்கும். வெளிறியதும் இறக்கி, அடிக்கலத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டிவிடவேண்டும். சீறும்வரை அடுப்பில் விட்டால் கடைசியில் ஏறுவது ஆவியும் கசப்பும்தான்.

திருகும் இடத்தில் ஆவி கசிந்தால் இரண்டே காரணம்: விளிம்பில் பொடி ஒட்டியிருக்கும், அல்லது ரப்பர் கேஸ்கெட் காய்ந்துபோயிருக்கும். கேஸ்கெட்டும் வலையும் தனியாகக் கிடைக்கும் பிராண்டை மட்டும் வாங்குங்கள். பாதுகாப்பு வால்வில் உப்பு அடைத்துக்கொண்டால் அது ஆபத்து, மாதம் ஒருமுறை அசைத்துப் பார்த்துச் சுத்தம் செய்யவும். அலுமினியம் இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யாது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் கறுத்துவிடும். இண்டக்‌ஷன் வைத்திருப்பவர்கள் ஸ்டீல் மாடலுக்குப் போகவேண்டும். அளவிலும் கவனம் தேவை: 3 கப் பாட் என்றால் மூன்று சின்னக் கோப்பை, ஏறத்தாழ 130 மில்லி டிகாக்‌ஷன். கூடையைப் பாதி நிரப்பி இறக்கமுடியாது என்பதால் ஆளுக்கேற்ற அளவை முதலிலேயே தேர்ந்தெடுங்கள்.

எஸ்பிரஸோ இயந்திரத்துக்குப் போகிறவர்கள் "15 பார்", "20 பார்" என்ற எழுத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். அது பம்பால் அதிகபட்சம் தரமுடிகிற அழுத்தம். எஸ்பிரஸோவுக்கு வேண்டியது பொடியின் மேல் 9 பார். 18 கிராம் பொடியிலிருந்து 36 கிராம் காபி 25 முதல் 30 நொடியில் வருவது தொடக்க அளவு. மலிவான இயந்திரங்களோடு வரும் கூடையைத் திருப்பிப் பாருங்கள். வெளிப்பக்கம் ஒரே ஒரு ஊசித்துளை இருந்தால் அது இரட்டைச்சுவர்க் கூடை. கடைப்பொடியிலும் நுரை வரவைக்கும், அந்த நுரை துளையால் வந்தது, காபியால் வந்ததில்லை. அடி முழுக்கத் துளை உள்ள ஒற்றைச்சுவர்க் கூடையும் கிடைக்கிற இயந்திரமாகப் பார்த்து வாங்கினால் பின்னால் கைவரும்போது உதவும். ஒற்றை பாய்லர் இயந்திரத்தில் காபி இறக்கியபின் பாலை நுரைக்கவைக்க ஆவிச்சூட்டுக்கு ஏறும்வரை காத்திருக்கவேண்டும். நான்கு பேருக்கு லாத்தே போடும் வீட்டில் இது தினசரித் தலைவலி. இன்னொன்று, எஸ்பிரஸோவுக்கு ஏற்ற கிரைண்டர் இல்லாமல் இந்தப் பக்கமே வரவேண்டாம். பொடி அடைத்த குப்பியைப் போட்டுக் காபி இறக்கும் காப்ஸ்யூல் இயந்திரத்தில் சிக்கலே இல்லை, ஆனால் ஒரு குப்பிக்குள் இருப்பது 5, 6 கிராம் பொடிதான். கெட்டிக் காபி கேட்பவர்களுக்கு அது போதாது.

மேக்கருக்கு முன்னால் கிரைண்டர்

கையிலிருக்கும் தொகையில் பாதிக்குமேல் கிரைண்டருக்குப் போகட்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. பிளேடு கிரைண்டர் கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறது. தூசியும் குறுணையும் ஒன்றாக விழும். தூசி கசக்கும், குறுணை புளிக்கும், எந்த மேக்கராலும் அதைச் சரிசெய்யமுடியாது. இரண்டு பற்சக்கரங்களுக்கிடையே நசுக்கி அரைக்கும் பர் கிரைண்டர்தான் வேண்டும். கையால் சுற்றும் நல்ல பர் கிரைண்டர், அதே விலைக்குக் கிடைக்கும் மின் கிரைண்டரைவிடச் சீராக அரைக்கும். கிரைண்டர் உள்ளேயே பொருந்திய டிரிப் மேக்கர்களைத் தவிர்ப்பது நல்லது. கீழிருந்து எழும் ஆவி பொடி இறங்கும் வழியில் ஈரமாகப் படிந்து, பொடி கட்டிக்கொள்ளும். ஒன்று பழுதானால் இரண்டும் போகும்.

0.1 கிராம் காட்டும் சின்னத் தராசும் அவசியம். கரண்டிக் கணக்கு ஏமாற்றும், ஏனென்றால் நன்கு கறுக்க வறுத்த கொட்டை உப்பி லேசாக இருக்கும், இளவறுவல் கனமாக இருக்கும்.

தண்ணீரில் கரைந்த உப்பு 150 பிபிஎம் (லிட்டருக்கு 150 மில்லிகிராம்) அளவில் இருந்தால் நல்லது. 50-க்குக் கீழே போன ஆர்.ஓ. தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும். 300-ஐத் தாண்டிய கடினநீர் காபியின் நல்ல புளிப்பை அமுக்கிவிட்டு, மேக்கரின் குழாயிலும் படிந்துகொள்ளும். இரண்டையும் கலந்து நடுவளவுக்குக் கொண்டுவருவது சுலபமான வழி.

டிரிப் மேக்கர் வாங்கிய முதல் வாரத்தில், முழுக் கொள்ளளவு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் 6 நிமிடம் 8 ஆகி, களகள சத்தமும் ஆவியும் கூடினால் குழாயில் உப்பு படிந்துவிட்டது என்று பொருள். ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, பாதி இறங்கியதும் நிறுத்தி 20 நிமிடம் விட்டு, மீதியை ஓடவிடுங்கள். பிறகு வெறும் தண்ணீரை இரண்டு முறை முழுதாக இறக்கிக் கொட்டவேண்டும். இரண்டாம் முறை இறங்கிய தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். புளித்தால் இன்னொரு முறை ஓட்டிவிட்டு, பிறகு பொடி போடுங்கள்.